நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு

உப்பளத்து அம்சவல்லியின் ரத்த மாதிரியில் மூன்றாவது முறையும் கோளாறு என்று டாக்டர் தட்சணாமூர்த்தி போனில் சொன்னபோது ஜெர்லினுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. 2006 ஏப்ரல். மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருந்தது.

புதுச்சேரியில் அவருக்குக் கீழே அவள் செய்துவந்த ஆராய்ச்சி சொல்வதற்கு எளிது. உழைக்கும்போது தசைச் செல்லில் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, நுண்ணிய மூலக்கூறுகளை ரத்தத்தில் அனுப்பி மற்ற உறுப்புகளுக்குச் சேதி சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் முழு ஓய்வுக்குப் பிறகு ஒரு முறை ரத்தம். சர்ச் ஹாலில் போட்டிருந்த, நகராத சைக்கிளை முக்கால் மணி நேரம் மிதித்த பிறகு இன்னொரு முறை. உப்பளத்துப் பெண்கள் பதினோரு பேர் சம்மதித்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் ஓய்வு ரத்தத்திலேயே, ஓய்வே எடுக்காதது போல, அந்த மூலக்கூறுகளின் அளவு ஏறிக் கிடந்தது.

அன்று மாலையே ஜெர்லின் அம்சவல்லி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ரெண்டு நாள் சும்மா இருந்தீங்களா இல்லையா?"

"சும்மாதாம்மா இருந்தேன். உப்பளத்துப் பக்கமே போவல."

"வேற என்ன செஞ்சீங்க?"

"என்னா செஞ்சேன். தண்ணி எடுத்தாந்தேன், வெறகு ஒடச்சேன். கூரைக்குக் கீத்து மாத்தினேன்."

"கீத்து மாத்தினீங்க."

"நான் உக்காந்துட்டா வேற யாரு மாத்துவா?"

ஜெர்லின் நோட்டை மூடினாள். "நாளையிலேர்ந்து ரெண்டு நாள் உங்க வேலைய நான் செய்றேன். நீங்க அந்தக் கட்டில விட்டு எறங்கக் கூடாது."

கோபத்தில் சொன்ன பேச்சு. ஆனால் சொல்லியாகிவிட்டது.

முதல் குடம் வீடு வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீர் அவள் சுடிதாரில் இருந்தது. கட்டிலிலிருந்து அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "இடுப்புல வெய்யிம்மா. பூனக்குட்டிய தூக்கறாப்ல தூக்கற." விறகு உடைத்ததும் பிடிக்கவில்லை, பெருக்கியதும் பிடிக்கவில்லை. மூன்று முறை எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். மூன்று முறையும் ஜெர்லின் பிடுங்கினாள்.

"ஜெயில்ல போட்டாகூட வேல குடுப்பாங்க" என்றாள் அம்சவல்லி.

இரண்டாம் நாள் மதியம் சத்தமே இல்லை. ஜெர்லின் எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அம்சவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் கூச்சம்.

"சின்னவன் பொறந்தப்ப பகல்ல படுத்தது. அதுக்கப்புறம் இப்பதான்" என்றாள். ஜெர்லின் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

மறுநாள் காலை சர்ச் ஹாலில் ஜெர்லின் கொப்புளம் கிளம்பிய கையால் ஊசியைப் பிடித்தாள். இரண்டு முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. அம்சவல்லியே தன் முழங்கையை மடக்கி நீட்டி, "இங்க குத்து, டாக்டரம்மா" என்று விரலால் காட்டினாள். நான் டாக்டர் இல்லை என்று திருத்தக்கூட ஜெர்லினுக்குத் தெம்பில்லை. பிறகு சைக்கிள், மறுபடி ரத்தம், ஐஸ் பெட்டி, புதுச்சேரி பஸ்.

ஐந்தாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ஓய்வில் அளவு நன்றாகக் குறைந்து, மிதித்த பிறகு இரண்டரை மடங்கு ஏறியிருந்ததாம். "பிரமாதம். மத்த பத்து பேருக்கும் இதே மாதிரி ரெஸ்ட் ஏற்பாடு பண்ணிடுங்க."

"சரி சார்" என்று பல்லைக் கடித்தபடி போனை வைத்தாள். உள்ளங்கைக் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை.

உப்பளத்தில் தலைக் கூடையோடு வந்த அம்சவல்லி விஷயத்தைக் கேட்டு நின்றாள்.

"பத்து பேருக்கும் நீயேதான் தண்ணி தூக்கப் போறியா?"

"வேற வழி இருக்காக்கா?"

அம்சவல்லி கொஞ்சம் யோசித்தாள். "வேலம்மா வூட்டுக்கு மட்டும் கடைசியா போ. அவளுக்கு எரும மூணு இருக்குது."