வேலியோரம்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதினான்கு ஓட்டங்கள் முடிந்தபோது எதிரணியான தோருன்காரர்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்கள். மிச்சம் ஒரே ஓட்டம், அணிக்கு இருவராக. லெஷ்னோ மைதானத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அத்தனை வாய்களும் நின்றுவிட்டன.

லெஷ்னோவுக்காக ஓட்டும் ரேமெக்குக்குப் புள்ளியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முறை போலந்து சாம்பியனானவன், போன வருஷம் முதல் வளைவில் வேலியில் மோதி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்த வளைவு வந்தாலே கை தானாக ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தியது. கடைசியாக வந்து சேர அந்தக் கொஞ்சம் போதும். இன்றும் தளர்ந்தால் பந்தயத்துக்கே முழுக்கு என்று காலையில் முடிவு செய்திருந்தான். அது தெரிந்த ஒரே ஆள் அவன் அக்கா போக்னா. அவன் வண்டிக்கு மெக்கானிக்கும் அவள்தான்.

"எந்த இடத்துலேர்ந்து கிளம்பப் போற?" என்றாள், சங்கிலியை இறுக்கிக்கொண்டே.

"நாலு."

நாலு என்றால் வேலியோரம். அவள் கை நின்றது. "வேற இடமே கிடைக்கலையாடா உனக்கு?"

"மதியத்துலேர்ந்து சக்கரமெல்லாம் வாரி எறிஞ்ச மண்ணு அங்கதான்க்கா கிடக்கு. உள்பக்கம் வழவழன்னு ஆயிடுச்சு. பிடிப்பு வேணும்னா அங்கதான் போகணும்."

"மண்ணு கிடக்கட்டும். நீ கிடக்காம வந்து சேரு."

கிளம்பும் கோட்டை மறித்திருந்த நாடா மேலே பறந்தது. மற்ற மூவரும் உள்பக்கம் பாய்ந்தார்கள். ரேமெக் மட்டும் வெளியே போனான். வேலி நெருங்கியது. பிரேக் இல்லாத வண்டி, பயந்தாலும் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. கை தளரவில்லை. பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது. உள்ளே மூவரும் வழுக்கித் தடுமாற, வளைவிலிருந்து அவன்தான் முதலில் வெளியே வந்தான். நான்கு சுற்றும் யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை.

முதலிடத்துக்கு மூன்று புள்ளி, மூன்றாமிடத்துக்கு ஒன்று; அவனோடு ஓடிய கூட்டாளி மூன்றாவதாக வந்ததில் ஆட்டம் சமன். பயிற்சியாளர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"சொந்த ஊர்ல டிரா. வெளிய தலை காட்ட முடியுமா இனிமே?" என்றவர், ஹெல்மெட்டைக் கழற்றிய ரேமெக்கின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சரி விடுப்பா. டிராவுக்கெல்லாமா அழுவாங்க?"

ரேமெக் சேறு அப்பிய முகத்தோடு போக்னாவிடம் திரும்பினான்.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச் எங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கோஷூஃப்ல," என்றாள். "ஏழு மணிக்கே கிளம்பணும். தூங்கிடாத."