ஸ்தோத்திரப் பக்கத்தில் ஒரு பெயர்

எபனேசர் சாட்சி சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்காக எலினா அவனுடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் அவர்களுடைய சபையில், பட்டாளத்திலிருந்து வருகிறவன் எல்லோர் முன்னாலும் நின்று ஆண்டவர் தன்னைக் காத்த விதத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவன் முழுதாக ஊர் திரும்பியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். எபனேசரோ வந்து பன்னிரண்டு நாளாகியும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் ஆஷிகா முதுகில் ஏறினால், வலிக்காமல் இறக்கிவிட்டு வெளியே போய்விடுவான். சாட்சி சொல்லிவிட்டால் பழைய மனுஷன் ஆகிவிடுவான் என்று எலினா நம்பினாள். ஒன்றேகால் வருடம் அவள் காத்திருந்தது அந்தப் பழைய மனுஷனுக்காகத்தான்.

பல நாடுகள் சேர்ந்து அனுப்பிய அமைதிப்படையில் ஹவில்தார் எபனேசர் ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு அரசாங்கம் தன் சொந்தச் சனத்தையே வேட்டையாடிக்கொண்டிருந்தது. அந்தச் சனத்தைக் காப்பதுதான் இவர்களுக்கு வேலை. முகாம் வாசலில் அச்சோல் என்றொரு பெண் வேர்க்கடலை விற்பாள். ஒருநாள் வீடியோ காலில் அவளைக் காட்டினான். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. அச்சோல் தன் காதைத் தொட்டுக் காட்டி, உன் கம்மல் அழகு என்று சைகை செய்தாள். அந்த வாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெப நோட்டில் எலினா அவள் பெயரை எழுதவைத்தாள்.

அந்த நோட்டில் இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் ஸ்தோத்திரம். கேட்டது கிடைத்ததும் பெயர் வலது பக்கத்துக்குப் போகும். நின்றுபோன கல்யாணங்களும் சிக்கலான பிரசவங்களும் அப்படிப் பக்கம் மாறியவைதான். சண்டை முகாமை நெருங்கி ஒன்பது நாள் போன் வராதபோது நாற்பது பெண்கள் உபவாசம் இருந்தார்கள். பத்தாம் நாள் எபனேசர் பேசினான். அழுகைக்கு நடுவே எலினா அச்சோலைப் பற்றிக் கேட்டாள். முகாமுக்குள்ளே பத்திரமாக வந்துவிட்டாள் என்றான். அன்றைக்கே பெயர் வலது பக்கம் போனது. சங்கத் தலைவி ஏசம்மாள் கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.

சட்டையை அவள் மடிக்கும்போதுதான் எபனேசர் வாயைத் திறந்தான்.

"அந்தப் பேரை ஸ்தோத்திரத்துல இருந்து எடுக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"அவ உள்ள வரல, எலினா. நீ அழுதுக்கிட்டு இருந்த. வந்துட்டான்னு சொல்லிட்டேன்."

கையில் பதிவு வளையம் கட்டியவர்களை மட்டுமே உள்ளே விட வேண்டும் என்பது விதி. பதிவு முடிந்து மேஜையை மடித்துவைத்த பிறகு அச்சோல் பாயும் பாத்திரமுமாக வந்தாள். வாசலில் காவல் நின்றது எபனேசர். காலையில் வா என்று அவளைத் திருப்பி அனுப்பினான். பொழுது விடியும்போது அரசாங்க ராணுவத்தின் லாரிகள் வந்து, வேலிக்கு வெளியே கிடந்த சனத்தை ஏற்றின. சுடுவதற்கு மேலிருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு வந்தபோது லாரிகள் போய்விட்டிருந்தன.

"எம் பேரைச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டா. கையில துப்பாக்கி இருந்துச்சு. இத்தன வருச சர்வீஸ்ல ஒரு ஆர்டரைக்கூட நான் மீறுனதில்ல. நாளைக்குச் சபையில இதத்தான் சொல்லப்போறேன்."

எலினா பயந்துபோய் ஏசம்மாளிடம் ஓடினாள். ஏசம்மாள் முழுதும் கேட்டு, உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெயரை மறுபடி விண்ணப்பப் பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று எலினா கேட்டாள்.

"செத்தவளுக்கு நம்ம சபையில ஜெபிக்கிறது கெடையாதேட்டி. அது கத்தோலிக்க ஆர்.சி.க்காரவிய வழக்கம். நாப்பது பொம்பளைய பட்டினி கெடந்திருக்காளுவ. அம்புட்டும் வீணுன்னு உம் மாப்பிள்ள மேடையில நின்னு சொன்னா, பொறவு எவ முழங்கால் போடுவா? ஒனக்கு ஒம் புருசன் வேணுமா, இல்ல ஊரு வாயில அவன் பேரு கெடக்கணுமா?"

அன்று சாயங்காலம் எலினாவே போதகரைப் பார்த்தாள். எபனேசருக்கு உடம்பு சரியில்லை, அவனுடைய சாட்சியை வேறு யாராவது எழுதி வாசித்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டாள். புருஷனைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்று வீடு வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனையில், சகோதரர் களைப்பாக இருப்பதால் அவர் சார்பில் ஏசம்மாள் வாசிப்பார் என்று போதகர் அறிவித்தார். எபனேசர் எழுந்து நின்றான். பக்கத்திலிருந்தவர்கள் அன்பாகத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஜெப நோட்டில் இருந்ததை வைத்துத் தானே எழுதிய சாட்சியை ஏசம்மாள் கணீரென்று வாசித்தாள். அச்சோல் காப்பாற்றப்பட்டாள் என்ற இடம் வந்ததும் சபை முழுவதும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் என்றது. எபனேசர் நடுப்பாதை வழியாக நடந்து வெளியேறினான்.

எலினா பின்னாலேயே ஓடினாள். போதகரிடம் யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது, அங்கே இறந்தவர்களுக்குப் பூசை வைப்பார்கள், போவோம் என்று கெஞ்சினாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவன் அவளோடு பஸ் ஏறினான்.

கோயில் அலுவலகத்தில் தவசிமுத்து என்ற பெரியவர் யார் யாருக்காகப் பூசை என்ற பூசைக் கருத்தை எழுதிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நலத்துக்கா, ஆன்ம இளைப்பாற்றிக்கா?"

எலினா எபனேசரைப் பார்த்தாள்.

"உடம்பை நான் பாக்கல," என்றான். "லாரியத்தான் பாத்தேன்."

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால்தான் எழுத முடியும் என்று பெரியவர் தணிவாகச் சொன்னார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"இறந்துட்டா. எழுதுங்க," என்றாள் எலினா. இதோடு முடிந்துபோகட்டும் என்றுதான் சொன்னாள்.

வெளியே வெயிலில் நின்று எபனேசர் அவளைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அன்னைக்கு அவ உசுரோட இருக்கான்னு நான் சொன்னேன். இன்னைக்கு நீ செத்துட்டான்னு சொல்லிட்ட. ரெண்டு பேருக்குமே தெரியாது. அவளை வெளிய நிறுத்துனது யாருன்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். அதச் சொல்ல விடாமப் பண்ணிட்டியே."

ராஜபாளையம் பஸ்ஸில் எலினா முன்னால் ஏறி, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பும் சமயம் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறினாள்.

"ஆளு வருதாம்மா?"

எலினா திரும்பிப் பார்த்தாள். எபனேசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல, உக்காருங்க," என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.