பின்சீட்டில் மகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. முன்னால் எல் போர்டு மாட்டிய கார் ஆஃப் ஆகி நின்றது. பின்னால் ஒரே ஹார்ன். ஓட்டப் பழகியவருக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது. பக்கத்திலிருந்த டிரைவிங் மாஸ்டரோ சிரித்தபடி ஏதோ சொன்னார். பின்சீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பார்த்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்!

2

‘அவள் ஒரு சோகமான பெண். அவள் கண்களில்...’

சே, அடித்தாச்சு. கலகலப்பானவள். பல் டாக்டரிடம் உதவியாளர். டாக்டர் கூப்பிட்டாலே "சாரி டாக்டர்" என்றுதான் போய் நிற்பாள். என்ன தப்பு என்று அப்புறம்தான் யோசிப்பாள். காலையில் அப்பா குரல் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். (அந்த மாஸ்டர்தான் அப்பா! இது தோன்றியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.)

அப்பா கெட்டவரா? அப்படியும் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மகள் பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று இன்று முதல்முறையாகப் பாடம் நடத்துகிற காரிலேயே ஏற்றி வேலைக்குக் கொண்டுவிடுகிறவர். ஆனால் அவள் ஒரு டம்ளரைத் தவறவிட்டால் போதும், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பார்.

3

ஓட்டுகிறவர் ஒரு டெய்லர். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சைப் பட்டென்று விட்டார், வண்டி நின்றது. மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை.

"பரவால்லண்ணே, பழகுறப்ப எல்லாருக்கும் நிக்கும். ஹார்னைக் காதுலயே வாங்காதீங்க. மெதுவா எடுங்க, நான் இருக்கேன்ல."

இந்தக் குரல் அவள் வீட்டில்தான் இத்தனை வருஷமாகக் குடியிருந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியாது. பொத்துக்கொண்டு வந்துவிட்டது அழுகை.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களாப்பா?"

டெய்லர் சாவியைத் திருகுவதை நிறுத்திவிட்டார். அதற்குள் மறுபடி சிவப்பு விழுந்துவிட்டது. பாவம், அவர் என்ன பண்ணுவார்.

4

முடிவு ஒன்று: அப்பா மன்னிப்புக் கேட்கிறார். (எழுதினேன். இவர் வாயில் வராது.)

முடிவு இரண்டு: "நாலு பேர் பாக்க அழுவாத" என்று அதட்டுகிறார். அவள் கதவைத் திறந்து இறங்கி... (மாட்டேன். அவளை நடுரோட்டில் விட எனக்கு மனசு வரவில்லை.)

அப்போதுதான் என்னைக் கேட்காமலே அப்பா இறங்கினார்! அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவரைத் தனியாக விட்டு அதைவிட்டு நகரவே கூடாது. அந்தத் தொழிலுக்கு அதுதான் முதல் பாடம். நகர்ந்துவிட்டார். பின்கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் டெய்லர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுகிறார்.

அப்பாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமுகிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். நீங்களும் யாரோ ஒருவருக்குப் பிள்ளைதானே? நீங்கள் கேட்க ஏங்கியதை இந்த அப்பா வாயில் வையுங்கள். சீக்கிரம், பச்சை விழுந்துவிட்டது.