செங்கோடனைப் பெற்றவள்

பக்கத்து வீட்டு யுவஸ்ரீ கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன பனியனில் செங்கோடன் நின்றுகொண்டிருந்தான். வழுக்கைத் தலை, தொப்பை, தோளில் அழுக்குத் துண்டு, பாதி மூடிய கண், சிரித்த வாய். காலடியில் பொடி எழுத்தில் ‘உருவாக்கம்: பெயிண்டர் மணிமாறன், நாமக்கல்’ என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

செங்கோடனை உருவாக்கியவள் நான். என் பெயர் தெய்வநாயகி. கல்யாணத்துக்கு முன்னால், சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பத்திரிகையில் தினமும் மூன்று கட்டம் வரைந்தேன். ‘கிளீனர் செங்கோடன்’ என்று தலைப்பு. லாரி கிளம்பினால் தூங்கிவிடுவான், ஓட்டல் வந்தால் மட்டும் விழித்துக்கொள்வான். லாரிக்காரர்கள் பேப்பரைப் பிரித்ததும் முதலில் அவனைத்தான் தேடுகிறார்கள் என்று ஆசிரியரே சொன்னார். ஆனால் என் பெயரைப் போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. “கிளீனர் கதையைப் பொம்பளை வரையறான்னு தெரிஞ்சா யாரும்மா படிப்பாங்க?” என்பார்.

பிறகு கல்யாணம், மோகனூர், பள்ளிக்கூட வேலை. கரும்பலகையில் மாம்பழமும் வாத்தும் வரைந்ததோடு சரி. பத்திரிகையும் நின்றுபோயிற்று. செங்கோடன் மட்டும் பெயிண்ட் படமாக லாரிகளின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினான். எங்கே பார்த்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இன்னொருவர் பெயரோடு பார்த்ததும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில், ஏணிமேல் நின்று தாமரைப்பூவுக்கு ரோஸ் அடித்துக்கொண்டிருந்தார் மணிமாறன். என் மகன் வயதிருக்கும்.

“ஏனுங்கம்மா, ஆரப் பாக்கோணும்?”

“உன்னத்தான். செங்கோடனப் பெத்தவ நானு. நீ எப்ப சாமி அவனப் பெத்தே?”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். “எங்கய்யன் காலத்துல இருந்து நாங்கதானுங்க வரையறம்.”

“உங்கய்யன் எதப் பாத்து வரைஞ்சாரு?”

“டிரைவருங்க பேப்பர்ல இருந்து கிழிச்சுட்டு வந்து குடுப்பாங்களாமுங்க. அதுல பேரு ஒண்ணும் இல்லீங்களே.”

உண்மைதான். அந்த உண்மைதான் சுட்டது.

“செரி, அவன் எடது கை ஏன் எப்பவும் முதுகுக்குப் பின்னாடியே இருக்குது?”

“ஓனருக்குத் தெரியாம பீடி ஒளிச்சு வெச்சிருக்கானுங்க. எங்கய்யன் சொல்லுவாரு.”

“பீடியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. எனக்குக் கை வரைய வராது. ஒத்தைக் கைக்கே படாத பாடு. அதனால இன்னொண்ணப் பின்னாடி தள்ளிட்டேன்.”

பட்டறையே சிரித்தது. மணிமாறன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தகரத் துண்டைத் துடைத்து வைத்து, பிரஷை நீட்டினார். “வரைஞ்சு காட்டுங்கம்மா.”

வரைந்தேன். தொப்பை கோணிக்கொண்டது. கண் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயின.

“இது செங்கோடன் இல்லீங்கம்மா,” என்றார் மெதுவாக. அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. என் பிள்ளையை என்னைவிட அவர் கை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

“அடுத்த வாரம் வாரேன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர்த் தொட்டி, கொல்லைச் சுவர், பழைய தகரக் கதவு என்று வீட்டில் ஒன்றையும் விடவில்லை. மணிக்கட்டு வீங்கியது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வரைந்தேன். யுவஸ்ரீ பார்த்துவிட்டு, “ஒரு வக்கீலப் பாக்கலாமுங்களே?” என்றாள்.

“வக்கீலுக்கு வரையத் தெரியுமா?” என்றேன்.

சொன்னபடி பட்டறைக்குப் போனேன். நான் திரும்பி வருவேன் என்று மணிமாறன் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அப்புறம் பிரைமர் அடித்துத் தயாராக நின்ற ஒரு லாரியின் பின்கதவைக் காட்டினார். “இதுலயே வரையுங்க. சரியில்லீன்னா துடைச்சுப்போடுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

ஸ்டூல்மேல் ஏறினேன். இந்தத் தடவை கோடு கோணவில்லை. தலை, துண்டு, தொப்பை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் கண்ணை வைத்துவிட்டு இறங்கினேன்.

டீ குடித்துவிட்டு வந்த அந்த லாரி டிரைவர் சென்றாயன் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “ஏனுங்கண்ணா, செங்கோடனுக்கு என்னாச்சு? எப்பவும் சிரிச்ச மூஞ்சியா நிப்பான். இவன் மொறைக்கறானே!”

மணிமாறன் துணியைக் கையில் எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“மொறைக்காம என்ன பண்ணுவான்? அம்பது வருசமா பெத்தவ பேரில்லாம லாரிக்குப் பின்னாடி புழுதி தின்னவன். நீயா இருந்தா சிரிச்சிட்டிருப்பியா?”

சென்றாயன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இவனே இருக்கட்டுமுங்கண்ணா,” என்றார்.

மணிமாறன் துணியை வீசிவிட்டார். “பேர எங்கீங்கம்மா எழுதறது?”

“அத நான் எழுதிக்கறேன்.”

கிளிப்பச்சை டப்பாவை எடுத்தேன். அவன் காலடியில், வண்டி நம்பரைவிடப் பெரிதாக, தெய்வநாயகி என்று எழுதினேன். பெயிண்ட் காயும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை.