கைசாவின் மூன்று டபிள்யூ

எங்கள் கல்லூரியிலிருந்து மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், ஏப்ரலிலும் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். வருடத்துக்கு நாலு பேர் டாக்டருக்குப் படிக்கப் போனாலே பெரிய விஷயம். அதனால் என் கடிதங்களில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆனாலும் பொய் எழுதியதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன், கைசா ரன்டனென் வரும்வரை.

அவளுடைய மதிப்பெண் பட்டியலில், இரண்டாம் வருட வசந்தப் பருவத்தில், வரிசையாக மூன்று டபிள்யூ, அதாவது 'வித்ட்ரா', விலகல். ஒரு பாடத்தில் சேர்ந்துவிட்டு, கெடு நாளுக்குள் விலகிக்கொண்டால் மதிப்பெண்ணும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்த ஓர் எழுத்து மட்டும் காலத்துக்கும் நிற்கும். ஒன்று இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரே பருவத்தில் மூன்று, அதுவும் கரிம வேதியியல், இயற்பியல், புள்ளியியல் என்றால் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

விலகுவதற்குக் கடைசி நாள், அலுவலகத்தைப் பூட்டப் போகிற நேரத்தில், படிவத்தோடு வந்து நின்றாள்.

"வேதியியல்ல முப்பத்தெட்டு, மிஸஸ் டுப்ரே. மத்த ரெண்டும் அதே லட்சணம். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அந்த ஜனவரியில்தான் அவள் அப்பா ஆர்விட், மர லாரி ஓட்டுகிறவர், பக்கவாதம் வந்து விழுந்திருந்தார். பாவம், அதனால்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மறு வருடம் மூன்றையும் திரும்ப எடுத்தாள். பிள்ளைகள் வழக்கமாகக் கோடை விடுமுறையில் வேறெங்காவது சுலபமான கல்லூரியில் சேர்ந்து ஒப்பேற்றிவிடுவார்கள். இவள் வேதியியலுக்கு அதே பேராசிரியர் வைட்மன் வகுப்பில், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வைட்மன் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றிலும் ஏ. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கே அசந்துபோனேன்.

விண்ணப்பத்தில், ஏன் விலகினாய் என்று ஒரு கேள்வி உண்டு.

"அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு எழுதும்மா. உண்மைதானே?" என்றேன்.

"அவர் பிப்ரவரியிலேயே எழுந்து நடந்துட்டாரு. நான் விலகினது மார்ச் கடைசியில. அதுக்குள்ள என் சமையலைத் திட்டற அளவுக்குத் தேறிட்டாரு."

"தேதியெல்லாம் யாரு பார்க்கப் போறா?"

"எனக்குத் தெரியுமே. அஞ்சு பாடம் எடுத்தேன், திமிரு. புரியலன்னு போய் நின்னா சொல்லிக்குடுத்திருப்பாங்க, வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்கல. தோத்துக்கிட்டிருந்தேன், ஓடிட்டேன். அதை ஏன் அப்பா தலையில கட்டணும்?"

"தோத்தேன்னு எழுதினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்கடி, மண்டு!"

அதையேதான் எழுதினாள். மூன்றே வரி.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் எழுதும் கடிதம் மாணவர் கண்ணில் படாமல் நேராகப் போய்விடும். அந்தத் தைரியத்தில், 'தந்தையின் பக்கவாதம் காரணமாக இவர் மூன்று பாடங்களிலிருந்து விலக நேர்ந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் கைசா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன எழுதி வச்சிருந்தீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

"மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல இருந்த அம்மா கேக்கறாங்க, 'உங்க கல்லூரி அப்பாவால்னு சொல்லுது, நீங்க தோத்தேன்னு சொல்றீங்க, எது சரி?'ன்னு."

"ரெண்டும்தான்னு சொல்லியிருக்கலாமே?"

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிதம் தப்புன்னு சொல்லிட்டேன்." அதன்பிறகுதான் அழுதாள். "என்னை வேற எங்கேயும் கூப்பிடல, மிஸஸ் டுப்ரே. இது ஒண்ணுதான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை போன் வந்தது. அந்த மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுத் தலைவி, டாக்டர் இஷாம்.

"ஒரே ஒரு கேள்வி, மிஸஸ் டுப்ரே. உங்க கடிதம் சரியா, அந்தப் பொண்ணு சொன்னது சரியா?"

கடிதம் சரி என்றால் கைசா பொய்க்காரி. தப்பு என்றால் அங்கே என் எழுத்துக்கு இனி மதிப்பு இருக்காது. அந்த வருடம் அதே இடத்துக்கு இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு எழுதியிருந்தேன். மழுப்புவதற்கு எனக்கு ஆயிரம் வழி தெரியும். ஆனால் இருக்கிற ஒரே வாய்ப்பையும் வைத்துக்கொண்டு, மூன்று பேர் முன்னால் அந்தப் பெண் மழுப்பவில்லையே.

"அவ சொன்னதுதான் சரி," என்றேன். "அவ வேண்டாம்னு சொன்னதை நான்தான் அவளுக்குத் தெரியாம எழுதினேன்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"மத்த ரெண்டு கடிதத்துலயும் இப்படி ஏதாவது இருக்கா?"

"இல்ல. ஆனா என் பேச்சை நம்ப வேண்டாம். அவங்களையே கேட்டுக்குங்க."

"கேக்கறோம். கைசாவை எடுத்துக்கிட்டோம். நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம், நீங்க முந்திக்காதீங்க." குரல் இறுகியது. "இனிமே உங்க கடிதம் வந்தா, பிள்ளைகிட்ட கேட்டுட்டுத்தான் நம்புவோம்."

"அப்படியே செய்ங்க, டாக்டர்," என்றேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.