காப்பகத்து மாடியில் கர்ட்

"அந்த மாடி சும்மாதானே கிடக்குது, ஒரு மனுஷன் படுத்துக்கிட்டா—"

"படுத்துக்கிட்டா என் லைசென்ஸ் போயிடும், டுவெய்ன்!"

"—என்ன குடி முழுகிடும்னு இந்தக் குதி குதிக்கிற?"

"மெதுவா பேசுன்னேன்!"

இரண்டு பேரும் கிசுகிசுப்பாகத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானத் தூக்க நேரம். சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கின. உதவிக்கு இருக்கும் பெண் ஒரு பயலின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மாடியில கரடி உறுமுது" என்று சற்று முன்பு ஒரு வாண்டு சொன்னபோது மார்லிஸ் சிரித்தாள். ஏறிப் போய்ப் பார்த்தால் அவள் புருஷன் டுவெய்னின் தம்பி கர்ட் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அவனைப் பெண்டாட்டி வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டாள். சர்க்கரை ஆலையில் இராத்திரி வேலை. பகலில் படுக்க இடமில்லை. டுவெய்ன் இந்த வீட்டின் பின்வாசல் சாவியைக் கொடுத்திருந்தான்.

முன்பெல்லாம் மார்லிஸ் குடியிருக்கும் வீட்டிலேயேதான் இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தினாள். எதிர் வீடு விலைக்கு வந்ததும் கடன் போட்டு வாங்கி, எல்லாவற்றையும் இங்கே மாற்றினாள். இடம் பெரிதானதால் லைசென்ஸும் பெரிதாகக் கிடைத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. வீடு தன் கடனைத் தானே அடைத்தது. டுவெய்னின் புது டிரக்கும் இதில் வந்ததுதான். பழைய குற்றம் ஏதும் உண்டா என்று போலீஸ் சோதனை முடியாத எவரும் இங்கே தங்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

"சோதனை பண்ணிக்கட்டுமே. அவன் ஒரு பூச்சியக்கூட மிதிக்க மாட்டான்."

"பார்ல ஒருத்தன் பல்லை உடைச்சானே?"

"அது எந்தக் காலத்துல!"

"போலீஸ்காரங்க அதை மறந்திருப்பாங்களாக்கும். லைசென்ஸ் இன்ஸ்பெக்டரம்மா சொல்லிட்டா வர்றாங்க? வந்து கேட்டா, கரடி வளர்க்கறோம்னு சொல்லவா?"

டுவெய்ன் காபியை உறிஞ்சினான்.

"எதிர்ல நம்ம வீட்டுல ஒரு ரூம் காலியாத்தானே இருக்கு? அங்க படுக்கச் சொல்லு" என்றாள் மார்லிஸ்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"எத்தனை வருஷம் அந்த வீட்டுல பிள்ளைங்க சத்தத்துல கிடந்தேன்! இப்பத்தான் நிம்மதியா உக்காந்து டிவியில ஹாக்கி பாக்கறேன். அவன் முழிச்சிருந்தா வாய் ஓயாது, மார்லிஸ். உனக்கே தெரியும்."

"ஓஹோ. உன் ஹாக்கிக்கு என் பொழப்பு பலியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. செஞ்சுட்ட."

அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"லைசென்ஸ் ஆபீசுக்கு. நானே சொல்லிடறேன். விதிய மீறினதா வாசல்ல நோட்டீஸ் ஒட்டுன்னுவாங்க, ஒட்டிக்கிறேன். ரெண்டு மூணு பேர் பிள்ளையை நிறுத்திக்குவாங்க. அவங்களா வந்து கண்டுபிடிச்சா மொத்தமும் போயிடும்."

"இரு, இரு, அவசரப்படாத—"

மாடிப்படி கிறீச்சிட்டது. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு, பூனைபோல் இறங்கி வந்தான் கர்ட். தோளில் பை.

"மன்னிச்சுக்க, மார்லிஸ். பிள்ளைங்க இருக்கற நேரத்துல நான் வந்திருக்கக் கூடாது. டிரக்லயே படுத்துக்கறேன்."

"இந்தக் குளிர்ல டிரக்ல படுத்தா விறைச்சுப் போவ. எதிர்ல எங்க வீட்டுக்குப் போ. மூலை ரூம்ல கட்டில் இருக்கு, போர்வையும் இருக்கு."

கர்ட் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அந்த வீட்டுல நான் காலே வைக்கக் கூடாதுன்னு மார்லிஸ் சொன்னதாச் சொன்னியே, டுவெய்ன்?"