அக்காவுக்குச் சொன்ன பாதி

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரர் மூத்திரத்தில் ரத்தத்தைப் பார்த்தபோது, உடம்புச் சூடு என்று தண்ணீராகக் குடித்து நாளைக் கடத்தினார். வலி பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்திரப்பையில் புற்று முற்றி, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"தம்பி வண்டிய நிறுத்திட்டு வரான்."

அவருக்குத் தம்பியே கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. இருந்த ஒரே அக்காவோடு, அம்மா போனபின் ஏதோ வாய்ச்சண்டையில் பேச்சு அறுந்திருந்தது.

மருந்து ஏறும் நாற்காலிகளில் மற்றவர்களுக்கு யாராவது கால் பிடித்துவிடுவார்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்கள். இவர் டிரிப் கம்பியைத் தானே தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போவார். ரேடியேஷன் தொடங்கியபின் ஒவ்வொரு சொட்டும் நெருப்பாய் எரிந்தது. உள்ளே பல்லைக் கடித்து நிற்பார். முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார்.

ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது நர்ஸ் பக்கத்தில் இருந்தாள்.

"உங்க தம்பி இன்னும் வண்டிய நிறுத்தி முடிக்கலையா ஐயா?"

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அக்கா ஒருத்தி இருக்கா," என்றார்.

நர்ஸ் போன் போட்டுச் சொல்ல, மறுநாளே அக்கா பெட்டியோடு வந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாடா?"

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலக்கா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கஞ்சி வைத்தாள், துணி துவைத்தாள், வார்டு முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டாள். தம்பியிடம் மட்டும், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சு நின்றுவிடும். விட்டுப்போன வருஷங்கள் இருவருக்கும் நடுவில் கல்லாய்க் கிடந்தன.

சிகிச்சை முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நர்ஸிடம் சொல்ல ஓடினாள். அவள் போனபின்தான் டாக்டர் மீதியைச் சொன்னார்: முழுக்கப் போகவில்லை, திரும்ப வளரும், கொஞ்ச காலம் கிடைத்திருக்கிறது.

"டாக்டர் வேற என்னடா சொன்னாரு?" என்றாள் திரும்பி வந்த அக்கா.

"நல்லா சாப்பிடச் சொன்னாரு."

"அப்ப நான் கிளம்பட்டுமா? வீட்டுல பேரப்பிள்ளைங்க தவிக்குதுங்க."

போகாதே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. "போயிட்டு வாக்கா," என்றார்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பட்டறைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குத் திரும்பினார். அடுப்பில் அவள் வைத்துவிட்டுப் போன கஞ்சி இருந்தது. சுடவைக்காமல், நின்றபடியே குடித்தார்.